வயிற்று ரிப்போர்ட்டில் இருக்கிற வார்த்தைகளை எப்படிப் படிப்பது?

திருமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இதுதான்: அறுபதைத் தாண்டிய அவருடைய அப்பாவுக்கு மேல்வயிற்று வலி, பிறகு மஞ்சள் காமாலை. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மூன்று காகிதம் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ‘லாக்ஸ் எல்.இ.எஸ்., ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்.யு.டி. பாசிட்டிவ்’. ஸ்கேனில் ‘கோலிலித்தியாசிஸ், கோலிடோகோலித்தியாசிஸ், கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஈ.ஆர்.சி.பி., ஸ்பிங்க்டராட்டமி, சி.பி.டி. ஸ்டென்டிங், அட்வைஸ்: லேப் கோலிசிஸ்டெக்டமி’. இதில் எது வியாதி, எது செய்து முடித்த சிகிச்சை, எது இனிமேல் செய்யவேண்டியது, எதற்குப் பயப்படவேண்டும் என்று கேட்கிறார். வலி போய்விட்டதால் அப்பா தோட்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம்.

தம்பி, நான் மதுரையில் எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வைத்தியத்தை முடிவு செய்யவேண்டியது அப்பாவை நேரில் பார்த்த டாக்டர்தான். காகிதத்தைப் படிக்கிற விதத்தை நான் சொல்லித் தருகிறேன்.

முதலில் அவசரமான பதில். நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலில் வாயில் நுழையாத வார்த்தைகள் எதுவும் இன்றைக்கு உங்களை அவசரப்படுத்தவில்லை. கடைசி வரியில் சாதாரணமாகக் கிடக்கிறதே ‘ஸ்டென்டிங்’, அதுதான் அவசரப்படுத்துகிறது. அப்பாவின் பித்தக் குழாயில் ஒரு சின்னக் குழாயை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை எடுக்கவேண்டும். எடுக்கும் தேதி சம்மரியில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி வார்த்தைகளுக்கு வருவோம். இவை பெரும்பாலும் கிரேக்கத்தில் இருந்து வந்தவை, கொஞ்சம் லத்தீனும் உண்டு. முன்பாதி உறுப்பின் பெயர். பின்பாதி அந்த உறுப்புக்கு என்ன ஆனது, அல்லது அதற்கு என்ன செய்தார்கள் என்பது. எல்லாரும் முன்னால் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். வாலில் இருந்து படியுங்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, அதாவது சிவந்து வீங்கியிருக்கிறது. ‘லித்தியாசிஸ்’ என்றால் கல். ‘மெகலி’ என்றால் பெருத்திருக்கிறது. ‘ஸ்கோப்பி’ என்றால் கருவியை உள்ளே விட்டுக் கண்ணால் பார்த்தார்கள். ‘கிராஃபி’ என்றால் படம் எடுத்தார்கள். இந்த ஐந்தும் தெரிந்தாலே வந்திருப்பது வியாதியின் பெயரா, பரிசோதனையின் பெயரா என்று பிரித்துவிடலாம். உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முன்பாதியில் கேஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல், கொலோ பெருங்குடல், ஹெப்பாட்டோ கல்லீரல். விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறோமே, அந்த ‘ஜிகர்’ பாரசீகத்தில் இதே கல்லீரல்தான். டியோடினம் என்பது இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடல். பன்னிரண்டு விரல் அகல நீளம் என்று பழைய காலத்தில் அளந்து வைத்த பெயர், கணக்கும் ஏறக்குறைய சரி, சுமார் 25 செ.மீ. ரிப்போர்ட்டில் டி1, டி2 என்று வருவது அதன் முதல், இரண்டாம் பகுதிகள். ‘நார்மல்’ என்று பக்கத்தில் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

ஆபரேஷன் பெயர்களில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆட்டமி, எக்டமி, ஆஸ்டமி என்று காதில் மூன்றும் ஒரே மாதிரி விழும், செய்கிற வேலை வேறு வேறு. ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறப்பது மட்டும். லேப்பராட்டமி என்றால் வயிற்றைத் திறந்தார்கள், ஸ்பிங்க்டராட்டமி என்றால் சுருக்குத் தசையைக் கீறி வாயை அகலமாக்கினார்கள். எதையும் எடுத்துவிடவில்லை. ‘எக்டமி’ என்றால் வெட்டி வெளியே எடுத்தாயிற்று. அப்பெண்டெக்டமியில் ஒட்டுக்குடலை எடுப்பார்கள், கோலிசிஸ்டெக்டமியில் பித்தப்பையை எடுப்பார்கள், பாலிபெக்டமியில் குடலில் முளைத்த சதைத் துணுக்கை எடுப்பார்கள்.

‘ஆஸ்டமி’ என்றால் புதிதாக ஒரு வாய் வைத்தார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயரில் ஒரே ஒரு உறுப்பு இருந்தால் அந்த வாய் பெரும்பாலும் வயிற்றுத் தோலில் திறக்கும். கொலாஸ்டமி என்றால் பெருங்குடலை வெளியே கொண்டுவந்து வைத்துப் பை மாட்டியிருப்பார்கள், இலியாஸ்டமி என்றால் அதையே சிறுகுடலின் கடைசிப் பகுதியில் செய்திருப்பார்கள். பெயரில் இரண்டு உறுப்பு இருந்தால் ஒன்றோடு ஒன்றை உள்ளேயே இணைத்திருக்கிறார்கள் என்று பொருள், வெளியே ஒன்றும் தெரியாது. கேஸ்ட்ரோ ஜெஜுனாஸ்டமி என்பது அப்படித்தான். இரைப்பையை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு சேர்த்துத் தைப்பது. நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பழைய தழும்போடு வருவார்கள். கேட்டால் “அந்தக் காலத்துல அல்சர் ஆபரேஷன்” என்பார்கள். அது பெரும்பாலும் இந்த ஜி.ஜே.தான், கூடவே அமிலச் சுரப்பைக் குறைக்க வேகஸ் நரம்பையும் வெட்டிவிடுவார்கள். அமிலத்தை அடக்கும் நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன்னால் அதுதான் வழி. இன்றைக்கு அவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்தால் ரிப்போர்ட்டில் ‘ஜி.ஜே. ஸ்டோமா ஹெல்தி’ என்று வரும். ஸ்டோமா என்றால் வாய். அந்தச் சொல்லைப் பார்த்ததும் மலப் பை மாட்டப்போகிறார்கள் என்று பிள்ளைகள் பதறிப்போவார்கள். பழைய இணைப்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சரி, அப்பாவின் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஓ.ஜி.டி. என்றால் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் வாய் வழியாகப் பார்ப்பது. ‘38 செ.மீ.’ என்கிற மாதிரி ஏதாவது எண் இருக்கும். முன்பல்லில் இருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்பது அது. கட்டியின் அளவு என்று அதைப் படித்து அழுதவர்கள் உண்டு.

எல்.இ.எஸ். என்பது உணவுக்குழாயின் அடியில், இரைப்பைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சுருக்குத் தசை. அது ‘லாக்ஸ்’ என்றால் தளர்ந்திருக்கிறது. அதனால்தான் சாப்பிட்டுப் படுத்தால் எதுக்களிப்பும் நெஞ்சுக் கரிப்பும். நம் ஊர் ஓ.ஜி.டி. ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வருகிற வார்த்தை இது, தனியாகப் பயப்பட ஒன்றுமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடவேண்டும். பத்து மணிக்கு மேல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எதுக்களிப்பால் உணவுக்குழாயில் காயமே ஆகியிருந்தால் ‘எஸோஃபஜைட்டிஸ், எல்.ஏ. கிரேடு’ என்று போட்டு ஏ முதல் டி வரை ஒரு எழுத்து இருக்கும். எல்.ஏ. என்பது லாஸ் ஏஞ்சலஸ், 1994-ல் அங்கே நடந்த மாநாட்டில் வைத்த அளவுகோல். ‘ஏ’ என்றால் 5 மி.மீ.க்கு மேல் போகாத சின்னக் கீறல், ‘டி’ என்றால் குழாயின் சுற்றளவில் முக்கால்வாசிக்கு மேல் காயம்.

‘கிரேடு’ என்ற சொல்லை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வியாதிக்கும் அளவுகோல் வேறு. ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்பது ஸ்கேன் திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதன் முதல் படி, அவ்வளவுதான். எடை, சர்க்கரை, குடி மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. மூலத்தில் கிரேடு 1 என்றால் வெளியே தள்ளாமல் ரத்தம் மட்டும் வருவது, 2 வெளியே வந்து தானாக உள்ளே போவது, 3 கையால் தள்ளினால் போவது, 4 தள்ளினாலும் போகாதது. அப்பாவுக்கும் உங்கள் மாமாவுக்கும் ‘கிரேடு’ ஒரே எண்ணாக இருந்தால் ஒரே நிலைமை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ். ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி, அங்கே அழற்சி. இதை ‘அல்சர்’ என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு வயிறு எரிந்தாலே “அல்சர் வந்துருச்சு” என்போம். ரிப்போர்ட்டில் அல்சர் என்று எழுதினால் அது சளிச்சவ்வைத் தாண்டி ஆழமாகப் போன குழிப்புண். சவ்வோடு நிற்கிற மேலோட்டமான அரிப்புக்கு ‘இரோஷன்’. அப்பாவுக்கு இரண்டும் எழுதவில்லை. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், குழிப்புண் ரத்தக்குழாயை அரித்து ரத்தம் கொட்டலாம், ஓட்டை விழலாம். சவ்வு சிவப்பதால் அது நடப்பதில்லை. புண் இருந்தால் பக்கத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்று ஒரு எண்ணும் வரும், ரத்தம் கசியும் ஆபத்து எவ்வளவு என்பதற்கான அளவு. அதில் மட்டும் கணக்கு தலைகீழ்: 1 பீய்ச்சியோ கசிந்தோ ரத்தம் வருவது, 3 சுத்தமான அடிப்பரப்பு. எண் கூடினால் நல்லது.

ஆர்.யு.டி. பாசிட்டிவ். இதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும். இரைப்பையில் இருந்து கிள்ளிய துணுக்கை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டால் நிறம் மாறும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அங்கே இருக்கிறது என்று அதற்குப் பொருள். அமிலத்திலும் உயிரோடு இருக்கும் கிருமி அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். புண்ணுக்குக் காரணம் கிருமி என்று சொன்னபோது மருத்துவ உலகம் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தனக்கு கேஸ்ட்ரைட்டிஸ் வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு. நான் சொன்ன அந்தத் தழும்புக்காரப் பெரியவர்களில் பலருக்கு இன்றைக்கு வந்திருந்தால் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காது. இரண்டு வகை ஆன்டிபயாட்டிக், ஒரு அமிலத் தடுப்பு மாத்திரை, பெரும்பாலும் 14 நாள். முழுவதையும் முடிக்கவேண்டும். ஐந்தாம் நாள் வயிறு சரியானதும் நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே வைத்துவிட்டது. கிருமி உள்ள எல்லாருக்கும் புற்று வரும் என்று பொருள் அல்ல. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தபின் சும்மா விடக்கூடாது.

போய்விட்டதா என்று பார்ப்பதற்கு மறுபடி குழாய் விடவேண்டியதில்லை. மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை போதும். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமிலத் தடுப்பு மாத்திரையை நிறுத்தி 2 வாரம் கழித்துச் செய்யவேண்டும். அதற்கு முன்னால் செய்தால் கிருமி ஒளிந்திருந்தாலும் ‘நெகட்டிவ்’ காட்டக்கூடும். உங்கள் சம்மரியில் இந்த 14 நாள் மருந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காமாலை அவசரத்தில் சேர்த்த ஆட்களுக்குக் கிருமி வைத்தியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்பது உண்டு. தள்ளி வைத்ததை ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள்தான்.

அடுத்து ஸ்கேன். ‘கோலி’ பித்தம், ‘சிஸ்ட்’ பை, ‘டோகோ’ குழாய். இதை வைத்துக்கொண்டு பிரியுங்கள். கோலி-லித்தியாசிஸ் என்றால் பித்தக் கல், வழக்கத்தில் பித்தப்பைக்குள் கல். கோலி-டோகோ-லித்தியாசிஸ் என்றால் கல் பையில் இருந்து நழுவிப் பித்தக் குழாயில் இறங்கிவிட்டது. நடுவில் இரண்டெழுத்து கூடினதுதான், நிலைமையே மாறிவிட்டது. பைக்குள் அமைதியாகக் கிடக்கிற கல், வலியே தராதவரை, பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே காலம் முழுவதும் கிடக்கும். குழாய்க்கு வந்த கல்லை அப்படி விட முடியாது.

ஏன் என்றால் கல்லீரலில் இருந்து வரும் பித்தக் குழாயும் கணையத்தில் இருந்து வரும் குழாயும் முன்சிறுகுடலில் ஒரே வாயில் வந்து சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் சேர்ந்து ஒரு மடையில் விழுகிற மாதிரி. மடையில் கல் சிக்கினால் தண்ணீர் இரண்டு பக்கமும் எதிர்க்கும். பித்தம் எதிர்த்தால் மஞ்சள் காமாலை, கணைய நீர் எதிர்த்தால் பாங்க்ரியாட்டைட்டிஸ், அதாவது முதுகு வரைக்கும் குத்தும் கணைய அழற்சி. தேங்கிய பித்தத்தில் கிருமி ஏறினால் அது கோலாஞ்சைட்டிஸ். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, கண் மஞ்சள் மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான் என்று சந்தேகிக்கவேண்டும். இது காத்திருக்கிற வியாதி இல்லை, ராத்திரி ஆனாலும் கிளம்பவேண்டும். காமாலை என்றாலே கீழாநெல்லி என்று ஓடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். குழாய் அடைத்து வந்த காமாலைக்கு அடைப்பை எடுக்காமல் எந்தப் பச்சிலையும் பலிக்காது. வெளிறிப்போன மலம், அடர்ந்த மூத்திரம், உடம்பெல்லாம் அரிப்பு இருந்தால் அடைப்புக் காமாலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

‘கல்’ என்று மட்டும் சொல்லித் திரியாதீர்கள் என்பதற்கும் இதுதான் இடம். சிறுநீரகக் கல் நெஃப்ரோலித்தியாசிஸ், வேறு உறுப்பு, வேறு வழி. தண்ணீர் நிறையக் குடித்தால் சின்ன சிறுநீரகக் கல் மூத்திரத்தில் வந்துவிடும். பித்தப்பைக்கு அந்த வழியே கிடையாது. பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்தே ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, கணையம் வீங்கி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாழைத்தண்டு நல்ல காய், பொரியல் செய்து சாப்பிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அனுமதி கேட்கும்போதும் சிகிச்சையின் முழுப்பெயரில்தான் போகும். கவுன்டரில் “கல்லு ஆபரேஷன்” என்று சொல்லாமல் சம்மரியில் இருக்கிற பெயரையே காட்டுங்கள்.

இப்போது ஈ.ஆர்.சி.பி. முழுப்பெயரை வாலில் இருந்து படித்தால் கணையக் குழாய்க்கும் பித்தக் குழாய்க்கும் படம் எடுப்பது, பித்தம் வருகிற திசைக்கு எதிர்த்திசையில், எண்டோஸ்கோப் வழியாக. வாய் வழியாகக் கருவியை முன்சிறுகுடல் வரை இறக்கி, நான் சொன்ன அந்த வாயில் மெல்லிய குழாயை நுழைத்து, மருந்து செலுத்தி எக்ஸ்-ரேயில் பார்ப்பார்கள். பெயரில் படம் என்று இருந்தாலும் இன்று இதைப் படத்துக்காக மட்டும் செய்வது குறைவு. படத்துக்கு எம்.ஆர்.சி.பி. இருக்கிறது, அது வெறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், குழாய் எதுவும் விடுவதில்லை. கல்லை எடுக்கவேண்டும் என்றால்தான் ஈ.ஆர்.சி.பி. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் “போன வாரம்தானே எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு?” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. முன்னது பார்ப்பதற்கு, பின்னது செய்வதற்கு.

அப்பாவுக்கு ஸ்பிங்க்டராட்டமி செய்து வாயை அகலமாக்கியிருக்கிறார்கள். பிறகு சி.பி.டி.யில், அதாவது பொதுப் பித்தக் குழாயில், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், பித்தம் தடையில்லாமல் இறங்குவதற்கு. கல் எல்லாம் வந்துவிட்டதா, மிச்சம் இருக்கிறதா என்பது அந்த ஈ.ஆர்.சி.பி. ரிப்போர்ட்டில் இருக்கும். அது சம்மரியோடு சேராத தனிக் காகிதம். நீங்கள் சொன்ன மூன்றில் அது இல்லை. கேட்டு வாங்குங்கள். ஸ்டென்ட் பிளாஸ்டிக்கா, உலோகமா என்பதும் அதில்தான் இருக்கும். கல்லுக்காக வைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். அது நிரந்தரம் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். இதய ரத்தக்குழாயில் வைக்கிற ஸ்டென்ட் அப்படியே இருந்துவிடும், அதை மனதில் வைத்து இதையும் விட்டுவிடுகிறார்கள். வலி போய், காமாலை இறங்கி, வயலுக்குப் போக ஆரம்பித்ததும் உள்ளே ஒன்று இருப்பதே மறந்துபோகும். பிளாஸ்டிக்கில் கசடு படிந்து அடைத்துக்கொண்டால் முன்னே சொன்ன கோலாஞ்சைட்டிஸ் வரும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து, ஸ்டென்டைச் சுற்றியே புதிய கல் கட்டிக்கொண்டு நடுங்கி வந்தவர்களுக்கு நாங்கள் எடுத்திருக்கிறோம். வைப்பதை விட அதை எடுப்பது கஷ்டம். காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

‘லேப் கோலிசிஸ்டெக்டமி’யை இப்போது நீங்களே படித்திருப்பீர்கள். லேப்பராஸ்கோப் வழியாகச் சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுப்பது. கல்லை மட்டும் எடுக்கக்கூடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். கல் விளைகிற இடமே அந்தப் பைதான். 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதல்முறை பித்தப்பையை எடுத்தபோதும் காரணம் இதுவே. பை இல்லாமல் போனாலும் பித்தம் கல்லீரலில் இருந்து நேராகக் குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும், செரிமானம் நடக்கும். குழாயில் ஒருமுறை கல் இறங்கியவருக்கு மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவடை முடியட்டும், அழகர் ஆற்றில் இறங்கட்டும் என்று நாள் பார்க்கிற விஷயம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டுவதாக இருந்தால் மெடிக்கல் கேஸ்ட்ரோ, சர்ஜிகல் கேஸ்ட்ரோ என்று இரண்டு பிரிவு. எண்டோஸ்கோப்பியும் மருந்து வைத்தியமும் முதலாவதில், பை எடுப்பது ஆபரேஷன் பிரிவில். தவறான வரிசையில் நின்றால் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னும் சில வார்த்தைகள் சீக்கிரமே கண்ணில் படும். பயாப்சி என்றால் புற்று என்று பொருள் இல்லை, சதைத் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆர்.யு.டி.க்கு எடுத்ததே ஒரு துணுக்குதான். ‘ஓமா’ என்று முடிவதெல்லாமும் புற்று இல்லை. லிப்போமா கொழுப்புக் கட்டி, அடினோமா சாதாரணக் கட்டி, ஆனால் பெருங்குடலில் இருந்தால் வருஷக்கணக்கில் மாறக்கூடும் என்பதால் எடுத்துவிடுவார்கள். கிரானுலோமா என்று குடல் பயாப்சியில் வந்தால் நம் நாட்டில் முதலில் குடல் காசநோயைத்தான் நினைப்பார்கள், க்ரோன்ஸ் என்ற வேறொரு வியாதியும் அதே வேஷத்தில் வரும், பிரித்தறிய டாக்டர்களே சிரமப்படுவார்கள். கார்சினோமா, லிம்ஃபோமா, மாலிக்னன்சி போன்ற சொற்கள்தான் புற்றைக் குறிப்பவை. அவற்றுக்கு முன்னால் ‘நோ எவிடன்ஸ் ஆஃப்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் மூலம் என்றே சொல்லிக்கொள்கிறோம். ஹெமராய்ட்ஸ் மூலம், ரத்தம் போகும், பெரும்பாலும் வலிக்காது. ஃபிஷர் வெடிப்பு, மலம் போகும்போது கண்ணாடித் துண்டு கிழிக்கிற வலி. ஃபிஸ்டுலாதான் பௌத்திரம், பக்கத்தில் ஓட்டை விழுந்து சீழ் கசியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஊசி போட்டுக் கரைக்கிறேன் என்கிறவர்களிடம் போவதற்கு முன்னால் எது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டில் ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். எல்லாம் லத்தீன் சுருக்கம். அமிலத் தடுப்பு மாத்திரைக்கு அந்த ‘ஏ.சி.’ முக்கியம், சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். என்.பி.ஓ. என்றால் வாய் வழியாக எதுவும் கூடாது. டீயும் அதில் அடக்கம், “ஒரு வாய் டீதானே” என்று குடித்துவிட்டு வந்து ஆபரேஷனே தள்ளிப்போனவர்கள் ஏராளம்.

இதுவரை காகிதம் உங்களிடம் பேசியது. நீங்கள் டாக்டரிடம் பேசும்போது அங்கே இங்கிலீஷ் வார்த்தை தேவையே இல்லை. நம் பேச்சிலேயே வேண்டிய துல்லியம் இருக்கிறது. “கேஸ் டிரபிள்” என்று சொல்லாதீர்கள், அதில் இருந்து டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. நெஞ்சு கரிக்கிறதா, எதுக்களிக்கிறதா, சோறு இறங்காமல் நிற்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா, இரண்டு வாய் சாப்பிட்டதுமே திம்மென்று ஆகிறதா, தனித்தனியாகச் சொல்லுங்கள். இவை ஒவ்வொன்றும் அவர் எழுதும்போது வேறு வேறு வார்த்தை. சோறு இறங்காதது டிஸ்ஃபேஜியா, அதைக் கேட்டதும் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறிப்பார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் “உடம்புச் சூடு” என்று மோர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மேலே எங்கோ ரத்தம் கசிந்து செரித்து வருவது அது, மெலினா என்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ மேல்வயிறும் நெஞ்சும் அழுத்தி வியர்த்தால் அது வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடிக்காமல் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். அப்பா வயதுக்காரர்களுக்கு இது மிக முக்கியம்.

ஆபரேஷனுக்குப் போகும்போது ஈ.ஆர்.சி.பி. ரிப்போர்ட், ஸ்டென்ட் வைத்த தேதி, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டை, எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டென்டைப் பை எடுத்த பிறகு எப்போது எடுப்பார்கள் என்பதை அன்றைக்கே கேளுங்கள், சர்ஜன் ஒருவர், எண்டோஸ்கோப்பி டாக்டர் இன்னொருவர் என்பதால் நடுவில் அது நழுவிப்போகும். ஒப்புதல் படிவத்தில் ‘லேப், தேவைப்பட்டால் ஓப்பன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பை ஒட்டிக்கொண்டிருந்து துளை வழியே பாதுகாப்பாக எடுக்க முடியவில்லை என்றால் வயிற்றைத் திறந்து எடுப்பார்கள் என்று பொருள், ஏமாற்று வேலை இல்லை. எடுத்த பையைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு பெரும்பாலும் ‘க்ரானிக் கோலிசிஸ்டைட்டிஸ்’, அதாவது நாள்பட்ட பித்தப்பை அழற்சி, என்று வரும். ஆள் வீட்டுக்கு வந்த பிறகே அந்த ரிப்போர்ட் தயாராகும் என்பதால் பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். தையல் பிரிக்கப் போகிற நாளில் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.